பென்சில் முனையில் இருந்த விதை

டெல்லி சரோஜினி நகரில் குடியிருக்கிறோம். என் நான்கு வயது மகள் வர்ஷாவுக்கு ஒரு பிறந்தநாள் விழாவில், பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த பென்சில் கொடுத்தார்கள். எழுதித் தீர்ந்ததும் மண்ணில் நடுவதற்காக அதன் பின்முனையில் விதைகள் வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் இல்லையே என்று நானும் நிம்மதியாக அவள் கையில் விட்டுவிட்டேன்.

மறுநாள் சமையலறைக்கு அழுதுகொண்டே ஓடிவந்தாள். "அம்மா, விதை நாக்ல போயிடுச்சு!"

நாக்கில் என்று நினைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை. விழுங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று தண்ணீர் குடிக்க வைத்தேன். "இல்லம்மா, நாக்ல!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அப்போதுதான் உறைத்தது. இந்தியில் 'நாக்' என்றால் மூக்கு.

உடனே ஆட்டோ பிடித்தேன். மார்க்கெட் கூட்டத்தில் வண்டி நகரவே இல்லை. "பையா, ஜல்தி!" என்று டிரைவரை இந்தியில் அவசரப்படுத்திக் கத்தினேன். அவர் முன்னால் நின்ற வண்டிகளைக் காட்டிக் கையை விரித்தார். "உறிஞ்சாதடா கண்ணு, வாயால மூச்சு விடு" என்று சொல்வதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அவளோ அழ அழ உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் சின்னக் கொக்கியால் விதையை எடுத்துவிட்டார். அது ஈரத்தில் உப்பியிருந்தது. இன்னும் ஊறியிருந்தால் மயக்கமருந்து கொடுத்துத்தான் எடுத்திருக்க வேண்டும் என்றார்.

இப்போதும் அதே மாதிரி பென்சில்தான் வாங்குகிறேன். விதை முனையை வெட்டிவிட்டுத்தான் அவளிடம் கொடுக்கிறேன். அவள் எதைச் சொல்லி அழுதாலும், "எங்கடி, தொட்டுக் காட்டு" என்றுதான் முதலில் கேட்கிறேன்.