இரண்டு கையாலும் வாங்கியவர்

பிறையிலிருந்து பினாங்குக்கு வரும் ஃபெர்ரியில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கசங்கிய வெள்ளைக் கோட்டு, வெயிலில் கறுத்த முகம், கக்கத்தில் குடை. சீனாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவராம். நான் ஓர் ஆரஞ்சுப் பழத்தை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்க, குடை நழுவி விழுந்தது.

“ஒரு கை போதாதா அண்ணே?”

“இந்தப் பழக்கம்தான் தம்பி என்னை அங்க கவுத்துடுச்சு,” என்று சிரித்தார்.

அங்கே தெற்கு மலைகளில் மியாவோ என்றொரு மக்கள் இருக்கிறார்களாம். ஊருக்குள் போகும் வழியில் வாசல்கள் பல. ஒவ்வொன்றிலும் விருந்தாளியை மறித்து, எருமைக் கொம்பில் அரிசிக் கள்ளை வாயருகே பிடிப்பார்கள். கை படாமல் ஒரு வாய் உறிஞ்சினால் போதும். கை பட்டால் கொம்பு முழுவதையும் குடித்தாக வேண்டும். கள்ளுக்கடைப் பக்கமே போகாத இவர், மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிவிட்டார். வெள்ளிக் கிரீடம் வைத்த பெண்கள் கைதட்டிச் சிரித்த பிறகுதான் துணைக்கு வந்த சீனர் விஷயத்தைச் சொன்னாராம்.

“அடுத்த வாசல்ல தப்பிச்சிருப்பீங்களே?”

“எங்க லா! அங்க எங்கம்மா வயசுல ஒருத்தங்க நீட்டுறாங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா? தெரிஞ்சேதான் வாங்கினேன்.”

ஃபெர்ரி கரை சேர்ந்தது. கீழே கிடந்த குடையை எடுத்துக் கொடுத்தேன். அதையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு இறங்கிப் போனார்.

அந்த ஊருக்கு மொத்தம் எத்தனை வாசல் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.