அடைப்புக்குறிக்குள் வாண்டா

போனின் வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "இந்த ஆளோட பொண்டாட்டி ஓடிப்போனதுல தப்பே இல்ல" என்று என் பக்கம் திரும்பிச் சொல்கிறாள் வாண்டா குபியாக். கையை எடுத்ததும் குரல் பாகாகிவிடுகிறது. "சொல்லுங்க கண்ணு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். நிலவறைக்கு இறங்கிப் போயி அந்தச் சிவப்பு பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கிப் பாருங்க." மறுபடி உள்ளங்கை. "பட்டன் எங்க இருக்குன்னு தெரியாதாம். வீடு வாங்க மட்டும் தெரிஞ்சிருக்கு."

ராச்செஸ்டரில், நிலவறையில் இருந்து வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில் எங்களுக்கு வேலை. வருகிற அழைப்புகளை எடுப்பவள் வாண்டா. எந்த வீட்டுக்கு எந்த வேன் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது நான். இரண்டு பேருடைய மேஜைகளும் ஒட்டிக் கிடக்கின்றன. ஊருக்கு வடக்கே இருக்கும் பெரிய ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டத் தொடங்கிவிட்டால் ஏப்ரல் வரை எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. ஹீட்டர் நின்றுபோன வீட்டுக்காரர்கள் முதலில் சிணுங்குவார்கள், அப்புறம் கத்துவார்கள், கடைசியில் அழுவார்கள். மூன்றையும் வாண்டா ஒரே காதால் கேட்டுக்கொண்டு நகத்துக்குச் சாயம் பூசுவாள்.

அறுபதை எட்டப் போகிறாள். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். தலைமுடிக்குச் செங்கல் நிறத்தில் சாயம். கழுத்தில் சங்கிலி போட்டு ஒரு மூக்குக்கண்ணாடி தொங்கும். அது மூக்குக்கு வந்து நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை மதியம் பொரித்த மீன் வாங்கி வந்து, அறைக்குள் சூடான காற்று வருகிற துவாரத்தின் மேல் பொட்டலத்தோடு வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். திங்கட்கிழமை வரை அலுவலகம் மீன் கடையாக இருக்கும். முதலாளி ஜன்னலைத் திறக்கச் சொன்னால், "திறங்க, உங்க காசுல வந்த சூடுதானே வெளிய போகுது" என்பாள்.

வாடிக்கையாளர் ஒருவரின் பெயரும் அவளுக்கு நினைவில் நிற்காது. நிலவறைதான் நிற்கும். "யாரு, பூனை குட்டி போட்ட நிலவறையா? அந்தக் குட்டிங்க என்னாச்சு?" என்று எடுத்த எடுப்பில் விசாரிப்பாள். அந்த நிலவறைகளில் ஒன்றைக்கூட அவள் நேரில் பார்த்தது கிடையாது. பழுது பார்த்துவிட்டு வருகிற பையன்களை நிறுத்தி வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டது எல்லாம்.

அவள் வாயிலிருந்து வருவதைக் கேட்டு நான் ஆடிப்போகாத நாள் கிடையாது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் எனக்கு அது பழகவில்லை. "ஏன்டீ முழிக்கிற? பொத்திக்கிட்டுதானே சொன்னேன்" என்பாள்.

இந்த ஊரில் காது கேளாதவர்கள் நிறைய. அவர்களுக்கென்று பெரிய கல்லூரி இருக்கிறது; படிக்க வருகிறவர்கள் வேலை, கல்யாணம், வீடு என்று இங்கேயே தங்கிவிடுகிறார்கள். வீடு இருந்தால் ஹீட்டரும் இருக்கும், ஹீட்டர் இருந்தால் எங்களைக் கூப்பிட்டாக வேண்டும். அவர்கள் வீட்டுப் போனோடு தட்டெழுத்துக் கருவி ஒன்று இருக்கிறது. அவர்கள் தட்டுவதை நடுவில் இருக்கும் ரிலே ஆபரேட்டர் நமக்கு வாய்விட்டுப் படிப்பார். நாம் பேசுவதைத் தட்டி அவர்களுக்கு அனுப்புவார். ஒவ்வொரு முறையும் படித்து முடித்ததும், "இனி நீங்க சொல்லுங்க" என்பார்.

ஏதோ விற்க வருகிறார்கள் என்று நினைத்து, ஆபரேட்டரின் குரல் கேட்டதுமே "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்ங்க" என்று பல கடைகளில் போனை வைத்துவிடுகிறார்கள். பொறுமை இல்லாதவர்கள் பாதியில் வைப்பார்கள். வாண்டா வைக்க மாட்டாள். அவளுக்கு இந்த அழைப்புகள் என்றால் கொண்டாட்டம். "எனக்கு ப்ராஸ்டேட் தொந்தரவு வேற, குளிர்ல அடிக்கடி எழுந்திரிக்க வேண்டியிருக்கு" என்று ஒரு கிழவர் தட்டியதை, கல்லூரிப் படிப்பு முடிக்காத வயதுப் பெண்ணின் குரல் படித்துக் காட்டியதை நினைத்து நினைத்து வாரக்கணக்கில் சிரித்தாள்.

இந்த அழைப்புகளில் மட்டும் உள்ளங்கைக்கு வேலை கிடையாது. காது கேட்காதவருக்கு எதற்காகப் பொத்த வேண்டும் என்பது அவள் நியாயம். அந்தப் பக்கம் அவர் தட்டிக்கொண்டிருக்கிற இடைவெளியில் இந்தப் பக்கம் என்னோடு கதை ஓடும். ரிசீவர் தோளில், வாய் எனக்கு. மகன் டென்னி திருட்டுக் காரோடு பிடிபட்டது, பல்செட் சூப்பில் விழுந்தது, முதலாளி கழிவறைக் காகிதத்தை எண்ணி வைப்பது எல்லாம் அப்படித்தான் எனக்கு வந்து சேர்ந்தன. நடுநடுவே போனில் இருப்பவருக்கும் அர்ச்சனை விழும். அதிகம் வாங்கியவர் எமெட் பர்டிக். பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், தனியாக இருக்கிறார். "கஞ்ச மகராசன். அந்த ஹீட்டரு அவரை விடக் கிழடு. புதுசு ஒண்ணு வாங்க மனசு வருதா பாரு" என்பாள். அடுத்த மூச்சில், "சொல்லுங்க ஐயா, மணி எத்தனைக்கு ஆள் அனுப்பட்டும்?"

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் பர்டிக் லைனில் இருந்தார், தட்டிக்கொண்டிருந்தார். வாண்டா ஏதோ மீன் விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள், அதே குரலில், "இடது மார்ல ஒரு கட்டி இருக்குடீ. பட்டாணி அளவுக்கு. கோடையில இருந்தே இருக்கு" என்றாள். டாக்டரிடம் போனாயா என்றேன். "போகல. போகவும் மாட்டேன். நீ இதை யார்கிட்டயாவது சொன்ன, அப்புறம் இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்கும் பேச்சே கிடையாது." சொல்லிவிட்டுப் பர்டிக்குக்கு ஆள் வருகிற நேரத்தைச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் இருமினால்கூட எனக்குத் திக்கென்றிருந்தது. ஆனால் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, என் கணவரிடம்கூட.

இந்த ஜனவரியில், ஊரெல்லாம் குழாய் உறைந்துகிடந்த ஒரு காலையில், ரிலே அழைப்பு வந்தது. நகச் சாயம் காயவில்லை என்று வாண்டா ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினாள். ஆபரேட்டர் ஓர் இளம்பெண். ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள்.

"வணக்கம் வாண்டா. நான் எமெட் பர்டிக். மத்த விஷயம் அப்புறம். அந்தக் கட்டிக்கு டாக்டரைப் பாத்தியாம்மா? இனி நீங்க சொல்லுங்க."

வாண்டா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

"யார்கிட்டடீ சொன்ன?"

"சத்தியமா யார்கிட்டயும் சொல்லல வாண்டா."

"நீ சொல்லாம அந்தாளுக்கு எப்படித் தெரியும்? செவிட்டுக் கிழவன் கனவு கண்டானா?"

ஸ்பீக்கரில் விசைகள் தட்டப்படும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அது நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் பதிலைப் படித்தாள்.

"உன் சிநேகிதியைத் திட்டாத. அவங்க சொல்லல, நீதான் சொன்ன. போன மாசம் நான் கூப்பிட்டப்போ. அந்தப் பக்கம் காதுல விழறது எல்லாத்தையும் ஆபரேட்டர் எனக்குத் தட்டித்தான் ஆகணும். அதுதான் அவங்க விதி. நாய் குரைச்சா நாய் குரைக்குதுன்னு வரும். நீ பக்கத்துல பேசறது அடைப்புக்குறிக்குள்ள வரும். இப்ப 'செவிட்டுக் கிழவன்' வந்திருக்கு. இனி நீங்க சொல்லுங்க."

வாண்டாவின் முகத்தில் ரத்தம் இல்லை. வாய் திறந்தே இருந்தது. நானும் கல்லாகத்தான் உட்கார்ந்திருந்தேன். மூச்சு விட்டால் அதையும் தட்டிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

"எல்லாமுமா?" என்றாள் கடைசியில்.

"எல்லாமும். கஞ்ச மகராசன். டென்னியோட காரு. பல்செட். சனிக்கிழமை எங்க காது கேக்காதவங்க சங்கத்துல சீட்டாடறப்போ, இந்த வாரம் வாண்டா என்ன சொன்னான்னுதான் முதல்ல கேப்பாங்க. எனக்கு மட்டும் இல்ல, அங்க இருக்கற பாதிப் பேருக்கு நீங்கதான் ஹீட்டர் கம்பெனி. நல்லாச் சிரிப்போம். கட்டி விஷயத்துக்கு மட்டும் யாரும் சிரிக்கல. போய்க் கேளுன்னு என்னை அனுப்பினாங்க. இனி நீங்க சொல்லுங்க."

வாண்டா ஈர நகத்தோடு பட்டனை அமுக்கி இணைப்பைத் துண்டித்தாள். ரிலே அழைப்பை அவள் துண்டித்தது அதுவே முதல் தடவை.

எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றாள். "ஊர் முன்னாடி அம்மணமா நின்னிருக்கேன்டீ. இத்தனை வருஷமா. எனக்கே தெரியாம." நான் நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டி, தூக்கம் கெட்டுக் கிடந்த ரகசியம், முகம் தெரியாத ஒரு கூட்டத்தின் கையில் சீட்டுக்கட்டோடு சேர்ந்து புழங்கியிருக்கிறது.

போன் மறுபடி அடித்தது. அவள் திரும்பவில்லை. நான் எட்டி அவள் போனில் ஸ்பீக்கரைத் தட்டினேன். அதே பெண், அதே பர்டிக்.

"என் ஹீட்டரு நேத்து சாயங்காலமே நின்னு போச்சு. சமையலறைக் குழாய் உறைஞ்சாச்சு. ரெண்டு கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். இனி நீங்க சொல்லுங்க."

வீட்டுக்குள் குழாய் உறைந்து கிடக்க, இந்த மனிதர் முதலில் கேட்டது கட்டியைப் பற்றி. வேன் இதோ கிளம்புகிறது என்றேன்.

"அனுப்புங்க. உங்க ஆளு வந்து மணியை அழுத்துவாரு. மணி அடிச்சா எனக்கு விளக்கு மின்னும். அந்த விளக்கைக் கழட்டி வச்சுட்டேன். டாக்டர்கிட்ட வாண்டா தேதி வாங்கற வரைக்கும் மாட்ட மாட்டேன், கதவும் திறக்காது. இனி நீங்க சொல்லுங்க."

வாண்டா ஜன்னலிலிருந்து இரண்டே எட்டில் வந்தாள்.

"யோவ், உமக்குப் புத்தி கெட்டுப் போச்சா? வெறைச்சுச் செத்துக் கிடக்கப் போறீரா? என் மார்ல என்ன இருந்தா உமக்கென்ன? எங்கம்மா இதே கட்டியோட ஆஸ்பத்திரிக்குத் தன் கால்ல நடந்து போனா. பெட்டியிலதான் திரும்பி வந்தா. அப்போ நான் பள்ளிக்கூடம் போற பொண்ணு. அந்தக் கதவுக்குள்ள நான் நுழையறதா இல்ல. இதையும் தட்டு பொண்ணே, ஒரு எழுத்து விடாம தட்டு."

அந்தப் பெண் தட்டினாள். அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வர வெகுநேரம் ஆனது. அவர் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டுகிறார் என்று புரிந்தது. வாண்டா ஸ்பீக்கரையே வெறித்துக்கொண்டு நின்றாள். அந்த இடைவெளியில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"விரலு மரத்துப் போச்சு, தப்பு வந்தா மன்னிச்சுக்க. மத்த கம்பெனிக்காரங்க எங்க போனை வச்சுடுவாங்க. நீ திட்டுவ, ஆனா வச்சதில்ல. இன்னைக்கு வச்சுட்ட. எனக்குப் பயமாப் போச்சும்மா." அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. குரலில் எதையும் காட்டக் கூடாது என்பதும் அவர்கள் விதிதான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு முடித்தாள். "இனி நீங்க சொல்லுங்க."

வாண்டா என் மேஜைப் போனைத் தன் பக்கம் இழுத்து எண்களை அழுத்தினாள். எந்தக் காகிதத்தையும் பார்க்கவில்லை. கோடையிலிருந்து எத்தனை தடவை அந்த டாக்டரின் எண்ணை அழுத்திவிட்டு வைத்திருப்பாளோ.

"பேரு வாண்டா குபியாக். மார்ல கட்டி இருக்கு, காட்டணும். எந்த நாளா இருந்தாலும் சரி." அந்தப் பக்கம் தேடினார்கள் போலிருக்கிறது. "இருங்க, இருங்க. இப்பச் சொல்லாதீங்க. நான் சொல்லுங்கன்னதும் தேதியை மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

பர்டிக் காத்திருக்கும் தன் மேஜைப் போனின் ரிசீவரை எடுத்தாள். ஸ்பீக்கர் அடங்கியது. என் போனின் காதுப்பக்கத்தைத் தன் போனின் வாய்ப்பக்கத்தில் வைத்து, இரண்டு கையாலும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள். எந்தத் தேதி என்று எங்கள் அறையில் யாருக்கும் கேட்கவில்லை.