என் சோளத்தின் மேல் போட்ட பழி

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கொழுந்து பறித்த காலத்தில், நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயத்துக்குப் பின்னால் கையகலத் துண்டு நிலம் வைத்திருந்தேன். புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். இரண்டு பெண்பிள்ளைகள். கொழுந்து குறைந்து வேலை சுருங்கும் மாதங்களில் அந்த நிலத்துச் சோளம்தான் எங்கள் மூன்று வயிற்றையும் பார்த்துக்கொண்டது. நிலம் தோட்டத்துடையது. எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வேண்டாம் என்றால் போயிற்று.

மழை விட்டதும் சோளத்துக்குப் புழு வரும். நடுக்குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தால் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். குருத்தை விரித்து நசுக்குவேன். இலைமேல் திரிகிற புழுவைக் குளவி பார்த்துக்கொள்ளும். என் கதவு நிலையில் அவை மண்கூடு கட்டியிருந்தன. பச்சைப் புழுவைக் கவ்வி வந்து கூட்டுக்குள் திணிப்பதை அடுப்படியிலிருந்தே பார்க்கலாம்.

“ஏண்டி, மலையில கொட்டுற குளவி பத்தாதுன்னு வீட்டுலயும் வளக்கிறியா?” என்பாள் அதே லயத்தில் பக்கத்து அறையிலிருந்த காம்பராக்காரி.

“ஒன் வாயி கொட்டுறதவிட அது ஒண்ணும் பெருசா கொட்டல, போடி.”

பிறகு ஒரு வருஷம், தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டுக்கென்று மலை முழுக்க மருந்தடித்தார்கள். காற்று லயத்துப் பக்கம் வீசியது. மறுநாள் வாசற்படியில் குளவிகள் செத்துக் கிடந்தன. கூட்டித் தள்ளினேன். வண்டு ஒழிந்ததோ என்னவோ, புழு பெருகியது. சோள இலையில் நரம்பை மட்டும் விட்டுவைத்தது. கொஞ்ச நாளில் தேயிலையிலும் வேறொரு புழு இலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

கண்டாக்கையா லயத்துக்கே வந்துவிட்டார்.

“ஒன் சோளத்துல இருந்துதான் பூச்சி தேயிலைக்கு ஏறுது. தொரை உத்தரவு. நாளைக்கே பிடுங்கிப் போட்றணும்.”

“ஐயா, இது வேற புழு, அது வேற புழுங்க. மருந்தால குளவியெல்லாம் செத்துப்போச்சுங்க, அதனாலதான்...”

“குளவி ஒனக்கு மாமனா மச்சானா? பிடுங்குன்னா பிடுங்கு!”

அந்த வாயில் புழு விழ! மனசுக்குள் திட்டினேன், வெளியே ‘சரிங்க’ என்றுதான் வந்தது. மிச்சமிருந்த கதிர்களில் அப்போதுதான் பால் கட்டியிருந்தது. நான் பிடுங்கிப் போடப் போட, பிள்ளைகள் அந்தப் பிஞ்சைப் பச்சையாகவே கடித்துத் தின்றார்கள். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

சோளம் போயும் தேயிலைப் புழு குறையவில்லை. சுருண்ட இலைகளைக் கையால் பொறுக்க எங்களையே விட்டார்கள். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் எங்கிருந்தோ பெட்டி பெட்டியாகச் சின்னக் குளவிகள் வந்தன. வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிறுத்தி வைத்துக் கண்டாக்கையா விளக்கினார்.

“இந்தக் குளவி புழுவத் தின்னுரும். ஒருத்தரும் அடிக்கப்படாது. இருந்த குளவியெல்லாம் மருந்தால செத்துப்போச்சு, அதனாலதான் புழு கூடிருச்சு.”

அடப்பாவி, நான் சொன்னதல்லவா அது! எனக்குப் பொறுக்கவில்லை.

“அப்ப எங்க நெலத்தத் திருப்பிக் குடுப்பீங்களாங்க, ஐயா?”

“அங்கதான் தேயிலைக் கன்னு நட்டாச்சே” என்று சிரித்தார்.

முதல் பெட்டியை அங்கேதான் திறந்தார்கள், என் நிலத்தில்.