மோகனாவின் மூக்கு

"கையை நீட்டு."

சசிதரன் ஒரு காலை வேன் படியில் வைத்தபடியே கையை நீட்டினான். மோகனா ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டி, அவன் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மூக்கால் ஒரு கோடு இழுத்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது நேத்து வாசம். இறங்கு."

"இப்பதான்க்கா போட்டேன், சத்தியமா."

"சத்தியம் மணக்காது லா. மருந்துதான் மணக்கும். போட்டுட்டு வா."

வேனுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். தினமும் யாராவது ஒருவன் இப்படி மாட்டிக்கொள்வான். மாட்டாதவர்களுக்கு அதுதான் காலைப் பலகாரம். சசிதரன் கீழே இறங்கி, கியருக்குப் பக்கத்தில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருக்கும் கொசு மருந்துப் புட்டியை ஜன்னல் வழியாக வாங்கி, கல்யாண மாப்பிள்ளைக்கு நலங்கு வைப்பதுபோல் கழுத்து, காது, கை என்று ஆடம்பரமாகப் பூசிக்கொண்டான். மறுபடி முகர்ந்தாள். "ம், ஏறு."

மலேசியாவில் ரந்தாவ் ஊரை ஒட்டிய தோட்டத்தில் பொழுது புலருமுன் கிளம்பும் வெள்ளை வேன் அது. பெடாஸைத் தாண்டிக் காட்டோரம் போய் நிற்கும். மூங்கில் வெட்டவும், புதர் செதுக்கி மரக்கன்று நடவும் ஒரு குத்தகைக்காரர் எடுத்திருக்கும் வேலைக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது மோகனாவின் பிழைப்பு. ஆட்களை முகர்ந்து பார்க்கச் சொல்லி யாரும் அவளுக்குச் சம்பளம் தரவில்லை. சுகாதாரத் துறையினர் வருவார்கள், எல்லோர் விரலிலும் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள், மருந்துப் புட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். புட்டியை வாங்கி வீட்டு அலமாரியில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் நோய் வராது என்று நம்பிய ஆண்கள் நிறைய இருந்தார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுப்பதை மோகனா தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். வங்காளதேசத்திலிருந்து வந்து கூட வேலை செய்யும் இருவர் முதலில் கற்றுக்கொண்ட தமிழ், "கையை நீட்டு."

அவளுக்கு வயது ஐம்பதை ஒட்டி. ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் மாட்டிப் போட்டிருப்பாள். கொண்டையில் மட்டும் தினமும் மல்லிகை. மருந்து வாசத்துக்கு முன்னால் மல்லிகை தோற்றுவிடுகிறது என்று அவளுக்கு நிரந்தர வருத்தம் உண்டு. ஆனாலும் பசாருக்குப் போகும்போது பூவை வாங்காமல் வரமாட்டாள். "அது அது வேலைய அது அது பாக்கட்டும்" என்பாள்.

சாயங்காலம் அவளுடைய ஆயுதம் ஹாரன். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் காட்டுக் கொசு கடிக்கக் கிளம்பும் என்பதால், அதற்கு வெகு முன்பே வேனைத் திருப்பி நிறுத்திக்கொண்டு ஹாரனை அழுத்த ஆரம்பிப்பாள். இன்னும் கொஞ்சம் மூங்கில்தான் பாக்கி என்று உள்ளேயிருந்து யாராவது கத்தினால், பதிலுக்கு ஹாரன் இன்னும் நீளும். மலைச்சரிவு முழுவதும் எதிரொலிக்கும். வேலை செய்ய முடியாமல் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

திரும்பும் வழியில் சாலையோரத்தில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். இந்தக் காட்டில் பரவும் மலேரியா குரங்கின் ரத்தத்திலிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வருவது. ஆட்கள் அவற்றைத் திட்டுவார்கள். மோகனா திட்டமாட்டாள். வேகத்தைக் குறைத்து, குட்டி தூக்கிய குரங்கு சாலையைக் கடக்கக் காத்திருப்பாள்.

"அதுக்கும் காய்ச்சல்தானடா, பாவம். அதுக்கு வேன் இல்ல, நமக்கு இருக்கு."

போன வருடம் அந்தக் காய்ச்சல் அவள் தம்பி தர்மராஜுக்கு வந்தது. அவனும் இதே வேலைதான். உடம்பு தூக்கிப்போட்டபோது, முந்தின நாள் குடித்த சம்சுதான் வேலையைக் காட்டுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் குடிப்பவன் என்பதால் அது நம்பும்படியாகவும் இருந்தது. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அவனுக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. வார்டுக்கு வெளியே நின்றுகொண்டு மோகனா தோட்டத்து மாரியம்மனிடம் பேசினாள். தம்பி எழுந்து நடந்தால், அடுத்த திருவிழாவில் அவனுக்குக் காப்புக் கட்டிப் பால்குடம் எடுக்க வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். தர்மராஜ் எழுந்து நடந்தான். குடியையும் விட்டான். அதை அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அவன் வீட்டு வாசலில் மாலை நேரத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. இதுவரை அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது.

இந்த வருடம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் வேட்டி, சவரம் இல்லை, சைவச் சாப்பாடு, வெறுங்கால். காட்டுக்குள் மட்டும் பூட்ஸ் போடலாம் என்று பூசாரி ஆறுமுகம் விலக்குக் கொடுத்திருந்தார். "பாம்புக்கு விரதம் தெரியாதுப்பா" என்பது அவர் தீர்ப்பு.

மறுநாள் காலையில் மோகனா கையை நீட்டச் சொன்னாள். தர்மராஜ் நீட்டவில்லை. மருந்தில் ஸ்பிரிட் வாசம் வருகிறது, காப்புக் கட்டிய உடம்பில் அதைப் பூசமுடியாது என்றான். அவள் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். கடைசியில் வழக்கப்படி, "வாசம் இல்லன்னா ஏறாத" என்றாள்.

அவன் ஏறவில்லை. நண்பனின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு அவள் ஹாரன் அவனைத் தொடவில்லை. மோட்டாரில் வருபவனுக்கு வேன் எதற்கு? வேன் கிளம்பிய பிறகும் அவன் உள்ளேயே மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தான், கை மறைக்காத பனியனோடு. அதற்கடுத்த நாள் காப்புக் கட்டிய இன்னும் இருவர் மோட்டாரில் போனார்கள். தம்பி பிழைத்ததற்காகத் தான் வைத்த வேண்டுதலே அவனை மறுபடி கொசுவிடம் கொண்டுபோய் விடுகிறது என்பது மோகனாவுக்கு உறைத்தபோது, அவள் வேனை வீட்டுப் பக்கம் விடாமல் நேரே கோயிலுக்கு விட்டாள்.

ஆறுமுகம் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாம்புக்கு விரதம் தெரியாதுன்னா, கொசுவுக்கு மட்டும் தெரியுமா சாமி?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகைச் சொறிந்துகொண்டார், கோயிலுக்குப் பின்னாலேயே புதர், அவருக்கும் கடி. அம்மன் ஒன்றும் சொல்லமாட்டாள் என்றார். பிறகு தட்டைக் கீழே வைத்தார்.

"சாமி சொல்லாதும்மா. ஊரு சொல்லும். காப்புக் கட்டுன அன்னிக்கே சொல்லிடுச்சு."

காப்புக் கட்டிய அன்று தர்மராஜ் வேலையிலிருந்து நேரே கோயிலுக்கு வந்திருந்தான், மேலெல்லாம் மருந்து வாசத்தோடு. பின்வரிசையில் நின்ற தாயம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, "மறுபடி குடிக்க ஆரம்பிச்சிட்டான் போல" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவன் காதில் விழுந்தது. கோயில் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு, தோல் சிவக்கத் தேய்த்துவிட்டு வந்துதான் கையைக் காப்புக்கு நீட்டினான். ஆறுமுகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தன்னைப்போலவே ஊருக்கும் ஒரு மூக்கு இருப்பதை மோகனா யோசித்திருக்கவில்லை.

அவள் கோயிலுக்கு வந்த அந்தச் சாயங்காலமே, பூசைக்கு வந்தவர்கள் வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மோகனா புட்டியோடு நிற்பதைக் கண்டார்கள்.

"கையை நீட்டு."

முதல் கை பூசாரியுடையது. அப்புறம் மேளக்காரர்கள், பால்குடத்துக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண்கள். முதலில் தயங்கினார்கள், பூசாரியின் கையே பளபளப்பதைப் பார்த்ததும் வரிசையில் நின்றார்கள். இது என்ன புதுப் பிரசாதம் என்று ஒருவர் கேட்க, சசிதரன் பின்னாலிருந்து இதை வாங்கினால் தெருக் கடைசிவரை மணக்கும் என்றான். தாயம்மா வந்தபோது மோகனா அவள் இரண்டு கையிலும் தாராளமாக ஊற்றினாள்.

"எனக்கு எதுக்குடி இவ்வளவு?"

"உங்களுக்கு நல்லா வாசம் தெரியுமாமே. அதான்."

தாயம்மா தலையைக் குனிந்துகொண்டு, கன்னத்திலும் கொஞ்சம் பூசிக்கொண்டாள்.

தீபாராதனை நடந்தபோது கற்பூரம், சாம்பிராணி எல்லாவற்றையும் மீறிக் கோயில் முழுவதும் அந்த ஒரே வாசம் அடித்தது. அம்மனுக்கும் ஒரு சொட்டு வைக்கலாமா என்று ஆறுமுகம் திரும்பிக் கேட்டார்.

"அவளுக்கு வேப்பிலை இருக்கு சாமி. நமக்குத்தான் ஒண்ணும் இல்ல."

மேளக்காரர் சிரித்ததில் ஒரு அடி தவறியது. குழாயடிக்குப் பக்கத்தில், கூட்டத்தில் சேராமல் தர்மராஜ் நின்றிருந்தான். மோகனா அவனைப் பார்த்தாள், ஆனால் கூப்பிடவில்லை. புட்டியில் மிச்சம் இருந்ததை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் இருட்டுப் பிரியும்போது வேன் வழக்கமான இடத்தில் நின்றது. மோட்டார் எதுவும் வரவில்லை. மஞ்சள் வேட்டியை மடித்துக் கட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, பூட்ஸைக் கையில் தொங்கவிட்டபடி தர்மராஜ் நடந்துவந்தான்.

வேனுக்குள்ளிருந்து சசிதரன் தலையை நீட்டினான். "வா மச்சான். நேத்து ஊரே தண்ணி போட்டுட்டு வந்த மாதிரி மணந்துச்சு லா. உன்னை மட்டும் காணோம்."

தர்மராஜால் சிரிப்பை அடக்கமுடியவில்லை. படிக்கட்டருகே நின்று, சட்டைக் கையை மேலே தள்ளி, யாரும் கேட்காமலேயே காப்புக் கட்டிய கையை அக்காவின் மூக்குக்கு நேராக நீட்டினான். வாசம் அவள் குனியுமுன்னே வந்துவிட்டது.

மோகனா முகரவில்லை. அந்தக் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். காப்புக் கயிறு இருந்த இடத்தை மட்டும் தொடாமல், அதன் இருபுறமும் கவனமாகப் பூசியிருந்தான். புட்டியைத் திறந்து, மஞ்சள் கயிற்றை ஒரு விரலால் மெல்ல மேலே தள்ளி, அதற்கடியில் மருந்து படாமல் விட்டிருந்த தோலில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தாள்.