மானிட்டரில் ஒட்டியிருந்த சீட்டு

மேனாம்பேட்டில் ஆறு பேர் வேலை செய்யும் என் லேத் பட்டறைக்கு ஆர்டரெல்லாம் மெயிலில்தான் வரும். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால், புதியதில் மெயிலை ஏற்ற நானே உட்கார்ந்தேன். மாலை ஐந்துக்குள் ஒரு வரைபடத்தைப் பார்த்துப் பதில் அனுப்பாவிட்டால் வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும். ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்குப் போன் செய்து கெஞ்சினேன். "பதிவான மெயில்ல இருந்துதான் பதில் வரணும் சார்" என்று வைத்துவிட்டார்கள்.

சர்வர் பெயர், போர்ட் எண் எல்லாம் சரி. எதை அடித்தாலும் பாஸ்வேர்டு தவறு என்று அந்தச் சின்னப் பெட்டி திரும்ப வந்து நின்றது. பழைய கம்ப்யூட்டரே அதை நினைவில் வைத்திருந்ததால் பல வருடமாக நான் அடித்ததே இல்லை. மாற்றலாமென்றால், ஓடிபி நான் எப்போதோ விட்டுவிட்ட செல் நம்பருக்குப் போகிறது.

பாஸ்வேர்டு எழுதிய சீட்டு முன்பு மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருந்தது; இப்போது காணோம். இந்த வருட ஆயுத பூஜைக்குத் துடைத்தபோது போயிருக்க வேண்டும்.

"எவன்டா அத்த கிழிச்சது?" என்று பட்டறையே அதிரக் கத்தினேன்.

மணி நாலே முக்கால். லேத் ஓட்டுபவர் தன் செல்போனை நீட்டினார். "அண்ணாத்தே, இது போன வருசத்து பூஜை போட்டோ. சீட்டு இதுல கீது பாரு."

வாங்கிப் பெரிதாக்கினேன். முதல் நான்கு எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. மீதியின் மேல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

எங்கள் பட்டறையில் பொட்டு வைப்பது முதலாளி மட்டும்தான்.