சாப்பாட்டு மேஜையில் கிர்க்கிப் போர்

என் கணவர் ஜெயசீலன் புனேயில் கிர்க்கி ஆர்டினன்ஸ் ஃபாக்டரியில் பெயின்ட் செக்‌ஷனில் வேலை பார்த்தார். ஊருக்கு அவர் சாது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மட்டும் தொண்ணூறுகள் முழுக்கப் போர் நடத்திக்கொண்டிருந்தார். அதனால் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எல்லாம் கேம்ப் ஏரியாவில் ஒரு பழைய பேப்பர் கடையில் தொடங்கியது. அவரும் அவரோடு வேலை பார்த்த ரஃபீக் அண்ணனும் அங்கே ஓர் இங்கிலீஷ் பத்திரிகையைக் கண்டெடுத்தார்கள். ஏதோ வெளிநாட்டில், பெரிய மண்டபத்தில், மேஜை மேஜையாகச் சுண்டுவிரல் உயரச் சிப்பாய்களை நிறுத்திப் பெரிய மனிதர்கள் போர் விளையாடும் படங்கள். எப்படி விளையாடுவது என்று சொல்லும் பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள். படத்தில் ஓர் அளவு டேப் தெரிந்தது, பகடை தெரிந்தது. இவர்களுக்கு அது போதும்.

பைப் ஓட்டை அடைக்கிற எம்சீலைப் பிசைந்து சிப்பாய் செய்தார்கள். 1817இல் எங்கள் கிர்க்கியிலேயே மராத்திய பேஷ்வாவும் வெள்ளைக்காரக் கம்பெனியும் மோதிய போர்தான் ஆட்டம். கம்பெனிக்காரனுக்குச் சிவப்புச் சட்டை, பேஷ்வா படைக்கு மஞ்சள் தலைப்பாகை. மடித்த கம்பளி கணேஷ்கிண்ட் மேடு. என் நீலச் சேலை முளா ஆறு. டேப் என் தையல் டேப். யாரையும் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள்.

பகடைக்கு மட்டும் விதி தெரியவில்லை. இரண்டு பேரும் சின்ன வயதில் தாயம் ஆடியவர்கள். ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழாமல் காய் இறங்காது. அதையே போருக்கும் வைத்துக்கொண்டார்கள். தாயம் விழுந்தால்தான் படை முகாமை விட்டு இறங்கும், தாயம் விழுந்தால்தான் பீரங்கி வெடிக்கும். ஆறு விழுந்தால் பிரயோஜனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்புவதற்குள் ரஃபீக் அண்ணன் ஷ்ரூஸ்பெரி பிஸ்கட்டோடு வாசலில் நிற்பார். "தங்கச்சி, டீ மட்டும் போதும்மா" என்பார். பிறகு பிரியாணி கிடைக்குமா என்று அடுப்படியை எட்டிப் பார்ப்பார். தாயம் விழுந்தால் இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு "தாயம்!" என்று கத்துகிற கத்தலில் மேல்வீட்டு மராத்திக்காரி இறங்கி வந்து, "காய் ஜாலா?", என்ன ஆச்சு என்று கேட்பாள். ரஃபீக் அண்ணன் பகடையைக் குலுக்கிக்கொண்டே இருந்தால் இவர், "போடுங்க பாய்" என்று அவசரப்படுத்துவார். சரித்திரத்தில் தோற்ற பேஷ்வா எங்கள் வீட்டில் பாதி ஞாயிறு ஜெயித்தார். ரஃபீக் அண்ணன் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, "சீலன், ஒரு நாள் அந்த மாதிரி மண்டபத்துக்குப் போவணும்யா" என்பார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வீடு நிறைந்த மாதிரி இருக்கும்.

ரஃபீக் அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். என்னவர் தோள் கொடுத்துத் தூக்கிப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். அழவில்லை. சிப்பாய்களைச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி அலமாரி மேல் வைத்தார். மேஜை எனக்குக் கிடைத்தது. பிறகு ரிட்டயரானார், பக்கத்தில் சாங்விக்குக் குடிவந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மனுஷன் மத்தியானம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. மறுபடியும் அவர் சிப்பாயைக் கையில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.

2006இல் மகள் தீபாவின் ஆபீசில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கேம்ப்பில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் போர் விளையாட்டுக் காட்சி. "வாரியளா, இல்ல நான் தனியாப் போய்ப் பாக்கவா?" என்று கேட்டேன். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். அந்தப் படம் அப்படியே உயிரோடு இருந்தது. நீளநீளமான மேஜைகள், பச்சை விரிப்பில் வயல், கோட்டை, பாலம். ரிட்டயரான ராணுவக்காரர்களும் ஐ.டி. பிள்ளைகளும் குனிந்து நின்று அளந்துகொண்டிருந்தார்கள். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலுக்குள் நடக்கிற மாதிரி மெதுவாக நடந்தார். ஒவ்வொரு மேஜையிலும் பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் லேசாகத் திரும்பினார்.

நாங்கள் தமிழ் பேசியதைக் கேட்டு ஒரு பெண் கூப்பிட்டாள். ப்ரீத்தி என்று பெயர், கோயம்புத்தூர்க்காரி. "அங்கிள், ஒரு கை குறையுது. வர்றீங்களா?" விதிகளைப் பொறுமையாகச் சொன்னாள். பெரிய எண் விழுந்தால் நல்லது என்றாள். இவரும் தலையை ஆட்டினார். தலைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை.

கடைசியில் அவருடைய படை பாலத்தில் தாக்குப்பிடிக்க வேண்டும். பகடையை உருட்டினார். ஒன்று.

"தாயம்!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"அங்கிள்," ப்ரீத்தி சங்கடத்தோடு சொன்னாள், "ஒன்னு விழுந்தா உங்க ஆளுங்க ஓடிருவாங்க." ஒவ்வொன்றாக அவருடைய சிப்பாய்களை எடுத்து ஓரமாக வைத்தாள். பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். இவரும் சிரித்தார், அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்தார், என்னிடம் வந்தார்.

"வா சாந்தா, போவோம்."

"இன்னும் பாதி பாக்கலையே."

"இது எனக்குத் தெரியாத ஆட்டம். எனக்குத் தெரிஞ்ச ஆட்டத்த ஆட ஆளு இல்ல."

ஆட்டோவில் ஏறினோம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, செத்துப்போனவர் மேலாகக்கூட இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டிகளை இறக்கினேன். பீரோவிலிருந்து ஒரு நீலச் சேலையை இழுத்து மேஜையில் போட்டேன்.

"என்னட்டி செய்யுத?"

"காலாட்படை நாலு இஞ்சு, குதிர எட்டு. ஆத்துல எறங்குனா பாதி. பீரங்கிக்கு முன்னால சொந்த ஆளு நின்னா சுடக் கூடாது. சரியா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அத்தன வருசமும் அடுப்படியில நான் என்ன செவிடாவா இருந்தேன்? ஒக்காருங்க. பேஷ்வா எனக்கு."

உட்கார்ந்தார். வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே சிவப்புச் சட்டைக்காரர்களை நிறுத்தினார். ஆடினோம். எனக்கு ஆறு ஆறாக விழுந்தது, அவர் பாட்டுக்கு ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மேஜையைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் இல்லை. நான் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அவர் நிமிராமலே சொன்னார்: "எம்புட்டு நேரம்? போடுங்க பாய்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடக்கம் செய்த அன்றைக்கு வராத அழுகை, தோள் குலுங்க அப்போது வந்தது.

நானும்தான் அழுதேன். ஆனால் எழுந்துபோக விடவில்லை.

"நல்லா அழுங்க," என்று பகடையை உருட்டினேன். "எனக்குத் தாயம் விழல. உங்க முறை, குதிரைய நகத்துங்க."

நகர்த்தினார்.