பேர் இல்லாத பொட்டலம்

மாமாவுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அவர் அம்மாவின் அண்ணன்; அத்தை இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து எத்தனையோ பேரை அதட்டி இறக்கிவிட்டவர், மாத்திரையைக் கண்டால் மட்டும் சுருங்கிப்போவார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

செல்போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, சிம்மக்கல்லில் ஒரு லாட்ஜுக்குப் போய்க் கறுப்புச் சூரணம் வாங்கி வந்தார். மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்னாராம் அதைக் கொடுத்தவர்.

"நாட்டு மருந்து வேணாங்கலண்ணே. படிச்ச டாக்டர்ட்ட கேட்டுச் சாப்பிடுங்க" என்று அம்மா அவரை அரசு ஆஸ்பத்திரியின் சித்தப் பிரிவுக்கே கூட்டிப்போனாள். நானும் போனேன். டாக்டரம்மா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேர் இல்லை, தேதி இல்லை.

"இதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியல. நீங்க எப்படிங்கய்யா சாப்பிடுறீங்க?"

மாத்திரையை நிறுத்தக் கூடாது, எந்த மருந்து எடுத்தாலும் சர்க்கரை டாக்டரிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும் என்றார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பொட்டலத்தை என்னிடம் தந்து சாக்கடையில் கொட்டச் சொன்னாள். வாசலில் மாமா மறித்தார்.

"எங்கிட்ட குடுத்துரு தாயி. எம்புட்டு நாளைக்குத்தான் நான் சீக்காளியாவே இருக்குறது?"

அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கொடுத்துவிட்டேன். கொட்டியாயிற்று என்று அம்மாவிடம் சொன்னேன்.

இரண்டே மாதத்தில் கால் வீங்கியது, பிறகு முகம். தின்றதெல்லாம் வாந்தியானது. காலை மாத்திரையை விழுங்குவதுபோலக் காட்டிவிட்டுக் கொல்லையில் துப்பியிருக்கிறார். ஆஸ்பத்திரியில், கிட்னி போய்விட்டது என்றார்கள். வேறு என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள். அம்மா வீட்டில் தேடிப் பொட்டலத்தோடு வந்தாள். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

மூக்கில் குழாயோடு கிடந்த மாமா கையை அசைத்தார்.

"பிள்ளையப் பாக்காத. அவ அன்னைக்கே கொட்டிட்டா. நாந்தான் மறுபடி போயி வாங்கியாந்தேன்."

பிறகு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

அன்று அந்த வார்டில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். மருந்து மாமாவின் புத்தியையும் குழப்பிவிட்டது. நான் கொடுத்ததே அவருக்கு மறந்துவிட்டது. அது அவருக்கு ஞாபகம் வந்துவிடக் கூடாதே என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.